மேல்விலாசமில்லாத பூனை

பூனைக்காக ஒரு கட்டுரையா என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் ஆண்டுதோறும் பள்ளிக்கூடம் திறக்கும் பருவத்தில் மாற்றல் உத்தரவுகள் வருகின்றன. ஒரு குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு சித்தூரிலிருந்து நெல்லூருக்கோ திருப்பதியிலிருந்து அனந்தபுரத்துக்கோ புறப்பட்டுப் போகிறது. போன மறுநாள், பூட்டிய கதவின் முன்னே, கோலம் அழிந்த வாசற்படியில் ஒரு பூனை வந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டவர்கள் நகைக்கமாட்டார்கள். அடுத்துக் குடிவரும் வீட்டாருக்கு அது யார் வளர்த்தது, எங்கிருந்து வந்தது, பெயர் யாது என ஒன்றும் தெரியாது. அதன் கழுத்தில் பட்டை இல்லை. பட்டை இருந்தாலும் அதில் எழுத்து இல்லை. மேல்விலாசமில்லாத கடிதத்தையாவது தபாலாபீசார் பிரித்துப் பார்த்து, அனுப்பியவரைத் தேடுவார்கள். பூனையைப் பிரித்துப் பார்க்க முடியாதே!

இத்தகைய பூனை ஒன்றுக்காகச் சென்னைப் பட்டணமே ஒரு சமயம் விவாதித்தது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாளேடுகளில் வந்த செய்தி அது. சீனத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கன்டெய்னரைத் திறந்தபோது, விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே ஒரு பூனை உயிரோடு இருந்தது. காலமோ கொரோனாக் காலம். சீனம் என்ற பெயரைக் கேட்டாலே ஜனங்கள் அஞ்சிய நாட்கள். பூனையைப் பிடித்துக் கூண்டிலடைத்து, வந்த வழியே சீனத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவது என்று அதிகாரிகள் எண்ணினர். பீட்டா இந்தியா என்னும் விலங்கு நல அமைப்பினர் அதைத் தடுத்து எழுதினர்.

அவர்கள் எடுத்துரைத்த வாதம் கவனிக்கத்தக்கது. பூனைகளால் மனிதருக்கு அந்நோய் பரவுகிறது என்பதற்குச் சான்றில்லை என்பது ஒன்று. மற்றொன்று, அந்தப் பூனை சீனத்துப் பூனைதான் என்று எவ்வாறு துணிந்தீர்கள் என்ற கேள்வி. சீனத்திலிருந்து புறப்படும் சரக்கு வழியில் சிங்கப்பூர், கொழும்பு போன்ற துறைமுகங்களைத் தொட்டு வருவது வழக்கம். இருபது நாளளவான பிரயாணத்தில் சோறும் நீருமின்றி ஒரு பூனை உயிர் தரித்திருத்தல் மிக அரிது. ஆகவே அது இடையிலுள்ள ஏதேனும் ஒரு துறையில் ஏறியிருக்கலாம். சென்னையிலேயே பெட்டி திறந்தபோது உள்ளே தாவியிருக்கவும் கூடும். அப்படியானால், வடசென்னையில் பிறந்து மீன் தின்று வளர்ந்த பூனையைச் சீனத்துக்கு நாடு கடத்தியவர்களாவோம்!

அதிகாரிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. தொற்று நோய்க் காலத்தில் துறைமுகத்தைக் காப்பவர்களுக்கு அச்சம் இருந்தேயாக வேண்டும். ஆனால் அவர்களுடைய முடிவு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நின்றது. பெட்டி எந்த ஊரிலிருந்து வந்ததோ, பூனையும் அந்த ஊர்தான் என்பதே அது. பார்சல் கணக்கு எழுதிப் பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு பெட்டிக்கு உரியது. பெட்டிக்குள் புகுந்துகொண்ட ஜீவனுக்கு உரியதன்று.

மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பூனை காவலிலேயே இருந்தது. கடைசியில் ஏப்ரல் மாதத்தில் அது விடுவிக்கப்பட்டு விலங்கு நல அமைப்பினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் சொந்த வீடு எது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவே இல்லை.

நம் சித்தூர்ப் பக்கத்தில் கப்பல் இல்லை. ஆனால் லாரி உண்டு, ரயில் உண்டு. மாம்பழக் காலத்தில் தாமலசெருவு மண்டியிலும் பங்காருபாளையம் மண்டியிலும் நிற்கும் லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வைக்கோலும் கூடையும் நிரம்பிய லாரியில் எலி இருக்கும். எலி இருக்குமிடத்தில் பூனை ஏறும். ஏறிய பூனை எந்த ஊரில் இறங்குமோ யாரறிவார்? குளிர்காலத்தில் வண்டியின் எஞ்சின் சூட்டுக்காக அடியில் புகுந்து படுக்கும் பூனைகளும் உண்டு. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வரும் பாதை ஒரு மாநிலத்தில் தொடங்கி இன்னொரு மாநிலத்தில் முடிகிறது. எல்லைக் கோடு நமக்குத்தான். 1960இல் திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும், 2022இல் திருப்பதி தனி மாவட்டமானதும் பூனைக்குத் தெரியாது.

ஆயினும், எல்லாப் பூனையும் தொலைவிலிருந்தே வந்திருக்கும் என்று எண்ணுவதும் பிழையே. ஆஸ்திரேலியாவிலுள்ள குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து, காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றின் உரிமையாளரிடம் கேட்டறிந்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரு வாரத்துக்குள் உயிரோடு கிடைத்தவை நூற்றுக்கு 34. ஓராண்டுக்குள் கிடைத்தவை நூற்றுக்கு 61. கிடைத்த பூனைகளில் முக்காற்பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்திருந்தன. ஐந்நூறு மீட்டர் என்றால் எவ்வளவு? திருப்பதி ஸ்டேஷன் வாசலிலிருந்து கோவிந்தராஜர் கோயில் பக்கம் நடந்து போய்த் திரும்பும் அளவுதான். அடுத்த தெருவில் ஒரு குழந்தை அழுதுகொண்டு தேடிக்கொண்டிருக்க, இந்தத் தெருவில் நாம் அதே பூனைக்குப் புதுப்பெயர் சூட்டிக் கொஞ்சிக்கொண்டிருப்போம். இரக்கத்தினால் செய்வதுதான், ஆனாலும் அது பிறர் பொருளை வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே வாசலுக்கு வந்த பூனையைத் துரத்தவும் வேண்டாம். உடனே சொந்தமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். முதலில் அதைச் சற்றே உற்றுப் பாருங்கள். மயிர் வழவழப்பாக, வயிறு ஒட்டாமல், மனிதர் அருகில் வந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு உரசுகிறதா? அது எவர் வீட்டிலோ சோறு தின்று வளர்வது. ஒரு காதின் நுனி நேர்க்கோடாகக் கத்தரித்தாற்போல் இருக்கிறதா? அது சண்டையில் அறுந்த காதன்று; கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கு இடும் அடையாளம். அதற்கென்று ஒரு தெருவும், சோறிடுவார் ஒருவரும் எங்கோ இருக்கலாம். கிட்ட வராமல் தாழ்ந்து பதுங்கும் பூனையைக் காட்டுப்பூனை என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வழி தவறினால் அச்சத்தினால் அப்படித்தான் பதுங்கும்.

தண்ணீர் வையுங்கள். பாலை ஊற்றாதீர்கள்! பூனைக்குப் பால் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். வளர்ந்த பூனைகளிற் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரைச் சத்து செரிப்பதில்லை; வயிறு போகும். சைவ உணவுடைய நம் அன்பர்கள் தயிர்ச்சோறு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓரிரு வேளைக்கு அது பசியாற்றும். அதற்கு மேல் பூனைக்கு அது உணவாகாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து கிடைக்காவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். மீன் சமைக்கும் அண்டை வீட்டம்மாளிடம் சொல்லிவைத்தால் போதும். தலையும் வாலும் தாமே வந்து சேரும்.

கையை நீட்டுமுன் எச்சரிக்கை வேண்டும். பூனை கடித்தாலோ நகத்தினால் இரத்தம் வரக் கீறினாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடலாகாது.

குட்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொல்காப்பியத்து மரபியல், வெருகு என்னும் பூனையின் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் வகுத்திருக்கிறது. அந்தப் பறழ் ஒன்று தனியே சாக்கடை ஓரத்தில் கத்திக்கொண்டிருந்தால், தாய் செத்துவிட்டது, அநாதை என்று நம் குழந்தைகள் உடனே தூக்கிவந்துவிடுகின்றன. திருப்பதியில் இருக்கும் நமக்கு இதில் மயக்கம் இருக்கக்கூடாது. தென்கலை வைணவப் பெரியோர் சரணாகதிக்கு எடுத்துக்காட்டும் மார்ஜார நியாயம் என்ன? தாய்ப்பூனை குட்டியைத் தானே வாயினாற் கவ்விக் கொண்டுபோய்ச் சேர்க்கும். குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வடகலையார் சொல்லும் குரங்குக்குட்டியோ தாயைத் தானே பற்றிக்கொள்ளும். தத்துவம் ஒருபுறமிருக்க, இதில் கண்ணாற்கண்ட உண்மை ஒன்று உண்டு. பூனைக்கு வாய் ஒன்றுதான். நான்கு குட்டியை இடம் மாற்ற நான்கு நடை நடக்க வேண்டும். மூன்றாம் நடைக்குப் போயிருக்கும்போது நாம் நான்காவது குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், தாய் திரும்பி வந்து பார்த்து அலைந்துபோகும்.

எனவே குட்டிக்கு வண்டியாலோ நாயாலோ உடனடி ஆபத்து இல்லையெனில், எட்ட நின்று சில மணி நேரம் பாருங்கள். பக்கத்தில் நின்றால் தாய் வராது. தாய் வரவேயில்லை என்பது தெளிவானால் அப்போது எடுக்கலாம். கண் திறவாத குட்டி பிறந்து ஏழெட்டு நாள்கூட ஆகாததாக இருக்கும். அதற்கு முதல் தேவை உணவன்று, சூடு. உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் புகட்டினால் செரியாது. புரையேறி இறக்கவும் நேரும். துணியிற் சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிய பிறகே, கால்நடை வைத்தியரைக் கேட்டுப் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கலாம்.

இனி, வளர்ந்த பூனைக்கு உடையவரைத் தேடும் வழி. எனக்குத் தெரிந்தவற்றுள் செலவே இல்லாதது காகிதப் பட்டை. ஒரு விரலகலக் காகிதத்தில் "இப்பூனை தங்களுடையதா? இந்த எண்ணுக்குத் தெரிவியுங்கள்" என்று எழுதி, கழுத்தில் தளர்வாகச் சுற்றி, முனையைப் பசையால் ஒட்டிவிடுவது. நூலோ கம்பியோ கூடாது. எங்கேனும் மாட்டினால் காகிதம் கிழிந்து விடுவிக்க வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து தங்கிய ஒரு சாம்பல்நிறப் பூனைக்கு இவ்வாறு செய்தோம். இரண்டாம் நாள் மாலை அதே காகிதம் திரும்பி வந்தது. பின்பக்கத்தில் தெலுங்கில், "எங்களுடையதுதான், பகலில் மட்டும் உங்களிடம் வருகிறது போலும், மீன் கொடுக்காதீர்கள், வீட்டில் சாப்பிட மறுக்கிறது" என்று எழுதியிருந்தது. இரண்டு வீட்டில் இரண்டு பெயரோடு வாழும் பூனைகள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

அறிவிப்பு ஒட்டுவதானால் தமிழோடு தெலுங்கிலும் எழுதுங்கள். இந்த ஊரில் பூனையைத் தேடுபவர் பெரும்பாலும் தெலுங்குக் குடும்பத்தாராகவே இருப்பர். ஆனால் எழுதியதைத் தெலுங்கு நன்கறிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு ஒட்டுவது நலம். தெலுங்கில் பூனை என்பது "பில்லி". குழந்தை அல்லது சிறுமி என்பது "பில்ல". எழுத்தில் இரண்டுக்கும் வேற்றுமை மேலே இடும் ஒரு சுழி மாத்திரமே. அந்தச் சுழி விட்டுப்போனால், குழந்தை ஒன்று கிடைத்திருக்கிறது என்று ஊரே திரண்டு வந்துவிடும். புதிதாக வந்த நம் தாய்மாருக்கு வேறொரு சங்கடம். பக்கத்து வீட்டம்மாள் பில்லி, பில்லி என்று தெருவெல்லாம் கூவினால், பில்லி சூனியமோ என்று அஞ்சிக் கதவைச் சாத்திவிடவேண்டாம். பாவம், அவர் தம் பூனையைத் தேடுகிறார்.

அறிவிப்பில் எல்லா அடையாளத்தையும் அச்சிட்டுவிடாதீர்கள். வாலின் முடிச்சையோ, உள்ளங்காலின் நிறத்தையோ, வயிற்றிலுள்ள புள்ளியையோ ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, கேட்டு வருபவர் அதைச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். உண்மையான உடையவரிடம் கைபேசியில் பூனையின் பழைய படம் ஒன்றாவது இருக்கும். வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என மூன்று நிறமும் சேர்ந்த பூனையைத் தம் ஆண்பூனை என்று ஒருவர் உரிமை கொண்டாடினால் சந்தேகிக்கலாம். செம்பழுப்பா கறுப்பா என்று தீர்மானிக்கும் மரபுக்கூறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், முந்நிறப் பூனை மிகமிக அபூர்வமாகவே ஆணாக இருக்கும்.

வைத்தியரிடம் கொண்டுபோவதற்கு நமக்கு வசதி இருக்கிறது. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. 2005இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் அது நடைபெறுகிறது. சித்தூர் முதலிய ஊர்களில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகள் உள்ளன. பூனையின் வயதையும் பாலையும், கருத்தடை ஆனதா என்பதையும் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். தோலுக்கடியில் மைக்ரோசிப் உண்டா என்றும் கேளுங்கள். அரிசி மணியளவே உள்ள அந்தச் சில்லு தோள்களுக்கிடையே ஊசியாற் செலுத்தப்படுவது. உரிய கருவியை மேலே காட்டினால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். நம் ரயில்வே வாகன்களுக்கு 11 இலக்க எண் உண்டு. எந்த வகை வாகன், எந்த ரயில்வேக்குச் சொந்தம், எந்த ஆண்டில் செய்தது என்று அதைக்கொண்டே சொல்லிவிடுவோம். பூனையின் எண்ணில் முதல் மூன்று இலக்கம் நாட்டையோ சில்லு செய்த நிறுவனத்தையோ குறிக்கும். உடையவர் பெயர் அதில் இராது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கெதிரே எழுதியிருந்தால்தான் உண்டு. வீடு மாறியவர் பதிவேட்டை மாற்றாவிட்டால் சில்லு இருந்தும் பயனில்லை.

நம் ஊர்ப் பூனைகளில் சில்லு உடையவை அரிது. எனினும் அதன் பயன் சிறிதன்று. அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களின் கணக்கைக்கொண்டு 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, அங்கு வந்த பூனைகளில் உடையவரிடம் திரும்பியவை மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சில்லு இருந்தவற்றில் நூற்றுக்கு 38க்கு மேல் திரும்பின. இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டு ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்குச் சில்லு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது.

சில்லும் பட்டையும் இல்லாத ஒரு பூனை, இரு கடல் தாண்டித் தன் குடும்பத்தை அடைந்த வரலாறும் உண்டு. இராக்கு நாட்டில் மோசூல் நகரத்துத் தாய் ஒருத்தி, போருக்கு அஞ்சித் தன் ஐந்து மக்களோடும் குன்கூஷ் என்னும் வெள்ளைப் பூனையோடும் புறப்பட்டாள். 2015இன் பிற்பகுதியில் படகேறிக் கிரேக்க நாட்டு லெஸ்போஸ் தீவில் இறங்கிய குழப்பத்தில் பூனையின் கூடை திறந்து, அது ஓடி மறைந்தது. குடும்பத்தார் தேடித்தேடிக் காணாமல், அழுதுகொண்டே மேற்சென்றனர். சில நாளில் அக்கரையூரார், தம் ஊர்ப் பூனைகளோடு ஒட்டாத ஒரு வெள்ளைப் பூனை அழுக்கேறிச் சுற்றுவதைக் கண்டனர். அங்கிருந்த தொண்டர்கள் அதை எடுத்து வைத்தியம் செய்தனர். அப்பூனை அகதிகளோடு வந்ததாக இருத்தல் வேண்டும் என்று ஊகித்து, அவர்கள் அதன் படத்தைப் பல மொழி எழுத்தோடு இணையத்தில் பரப்பினர். பூனை அதுவரை பெர்லின் நகரில் ஒரு வீட்டில் வளர்ந்தது. குடும்பம் நார்வேயில் இருப்பது தெரிந்தது. 2016 பிப்ரவரியில் விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அந்தத் தாய் பூனையைக் கண்டதும் கதறியதைப் படமெடுத்திருக்கிறார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் போன்றோருக்கு அந்த அழுகையின் பொருள் விளங்கும்.

இத்தனை தொலைவு கடந்து ஒரு பூனையைச் சேர்ப்பிப்பார் இருக்க, கைக்கூடையில் அடங்குவதை நாமே விட்டுப்போவது ஏன்? சிலர் சாக்கிலிட்டுக் கட்டி அடுத்த ஸ்டேஷனில் விட்டுவருவதும் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கு அது விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! தொகையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

மாற்றலாகிப் போகும் வீட்டார் மூட்டை கட்டும் ஆரவாரம் தொடங்குமுன்பே பூனையை ஓர் அறையில் அடைத்துவிட வேண்டும். பெரும்பாலும் அந்த ஆரவாரத்தில்தான் அது வெருண்டு ஓடுகிறது. ரயிலில் கொண்டுபோவதற்குரிய விதியையும் கட்டணத்தையும் சில நாள் முன்னதாகவே பார்சல் ஆபீசில் கேட்டறிந்துகொள்ளுங்கள். வண்டி நிற்கும்போது கூடையோடு வந்து நின்றால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. கூடையின் மேலும், பூனையின் கழுத்திலும், போகும் ஊர் முகவரியையும் கைபேசி எண்ணையும் எழுதுங்கள். பழைய முகவரியை எழுதாதீர்கள். புது வீட்டில் இரண்டு மூன்று வாரம் வெளியே விடாமல், பழைய கோணித்துணியையே படுக்கையாகப் போட்டுவைத்தால் அது இடத்தைப் பழகிக்கொள்ளும். அதற்குமுன் கதவைத் திறந்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடும். அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களுக்கும் ஒரு சொல் சொல்லி, எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.